மரப்பிடிக்கு அடியில் மிஞ்சிய கறுப்பு

என் தொழிலைச் சொன்னால் இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு குரலைத் தாழ்த்துவார்கள். தெற்கு லண்டனில் ஒரு சிறிய ஏல நிறுவனத்தில் உலகப் போர்க்காலத்துப் பிஸ்டல்களைப் பார்த்து, அசலா, என்ன நிலையில் இருக்கிறது, என்ன விலை போகும் என்று சொல்வது என் வேலை. கிங்ஸ்பரியில் ஒரு கல்யாண வீட்டில் தூரத்து உறவான ஒரு அண்ணை சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: “துவக்குக்குப் பயந்துதானே எல்லாரும் ஓடி வந்தனாங்கள். நீ இஞ்ச வந்து துவக்குக்கு விலை சொல்லுறியோ?” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுள்ளென்று வந்தது. “சுடுற துவக்குக்கு ஊரிலயே விலை குடுத்திட்டம் அண்ணை. இது சுடாத துவக்கு,” என்றேன். அவர் அதற்குப் பிறகு வடையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

நான் சொன்னது உண்மைதான். இந்த நாட்டில் சாதாரண ஆள் கைத்துப்பாக்கி வைத்திருக்க முடியாது. எங்களிடம் வருபவை பெரும்பாலும் குழலை உள்ளே அடைத்து வெல்டிங் செய்து, இனி எக்காலத்திலும் சுட இயலாதபடி ஆக்கி, அதற்குச் சர்டிபிகேட்டும் பெற்றவை. செத்த பாம்பு என்று என் மேலாளர் சொல்வார். வெள்ளைக்காரர், அறுபதைத் தாண்டியவர், வாயிலிருந்து ஒரு பாராட்டு வருவதற்குள் ஒரு வருடம் போய்விடும். நான் அங்கே சேர்ந்தது பொருள்களின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் அடித்துப் போடுகிற வேலைக்கு. அடித்து அடித்துக் கண் பழகியது. அவர் சொல்லாமல் விட்டதை நான் கேட்கத் தொடங்கினேன். இப்போது அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

பார்க்கும் முறை பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. பழைய ஜெர்மன் பிஸ்டலில் உடலில் முழு எண் இருக்கும். ஒவ்வொரு சின்ன உறுப்பிலும் அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை அடித்திருப்பார்கள். எல்லாம் ஒன்றாக இருந்தால் எல்லாம் ஒரே நாளில் பிறந்தவை. அதற்குப் பிறகு மேற்பூச்சு. இரும்புக்கு ஏற்றப்பட்ட அந்தக் கருநீலம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். தோல் உறைக்குள் போய் வந்து குழல் முனை வெளுத்திருந்தால் அது நேர்மையான தேய்மானம். அதைக் கண்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஒருவர் உண்மையாகவே அதை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறார் என்று அர்த்தம்.

விலையைப் பெரும்பாலும் கெடுப்பது துரு இல்லை. நல்ல மனசோடு துணியும் பாலிஷும் எடுத்துக்கொண்டு உட்காரும் ஆட்கள்தான். அழுக்கை அழுக்காகவே விட்டுவிட வேண்டும் என்பதைத் துப்புரவான குடும்பங்களில் பிறந்தவர்களுக்குப் புரியவைப்பது பெரும்பாடு. எனக்கே முதல் வருடம் முழுக்கக் கை அரித்துக்கொண்டிருந்தது.

ஒரு நவம்பர் மாதக் காலையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். நல்ல கோட், தூங்காத முகம். காலணிப் பெட்டி ஒன்றை மேசையில் வைத்துத் திறந்தார். உள்ளே துவாயில் சுற்றிய ஜெர்மன் பிஸ்டல். சுற்றை அவிழ்த்ததும் எனக்குக் கண் கூசியது. வெள்ளி டம்ளர் போலப் பளபளத்தது. என் மேலாளர் எட்டிப் பார்த்துவிட்டு, “ஐயோ,” என்று மட்டும் சொன்னார்.

வந்தவர் கதையைச் சொன்னார். பிஸ்டல் அவருடைய தாத்தா போரிலிருந்து கொண்டுவந்தது. இப்போது அது அவருடைய அப்பாவிடம் இருக்கிறது. அப்பா கோலியர்ஸ் வுட்டில் தனியாக இருக்கிறார். வயது எண்பத்தைந்துக்கு மேல். மறதி நோய். மகனுடைய பெயர் சில நாள்களில் வரும், சில நாள்களில் வராது. ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பிஸ்டலை மடியில் வைத்து விரலால் தடவிக்கொண்டிருப்பார். ‘இது என் அப்பாவுடையது’ என்று வருகிறவர் எல்லாருக்கும் சொல்வார். அது மட்டும் மாறாது. போன மாதம் ஒரு நாள் அதைக் கையில் கொடுத்தபோது பார்த்துவிட்டு, ‘இது என் அப்பாவுடையது இல்லை’ என்று மேசையில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு தொடவே இல்லை.

“நான் போய்ப் பார்த்தேன். கறுப்பாக இருந்தது, இப்படி இருக்கிறது. வீட்டுக்குள் என்னையும் பராமரிப்புக்கு வரும் பெண்ணையும் தவிர யாரும் வருவதில்லை. அந்தப் பெண்ணிடம் மாற்றினீர்களா என்று கேட்டேன். இல்லை, அதேதான் என்கிறார். வேறு ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார். ஏஜென்சிக்குச் சொல்லிவிட்டேன். ஷிப்ட் எல்லாம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுப் போலீஸுக்குப் போவதா என்று முடிவெடுப்பேன்.”

பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அந்தப் பெண் ஸ்ரீலங்காவிலிருந்து வந்தவர். நான் அதை வைத்து ஒன்றும் சொல்லவில்லை,” என்றார். சொல்லவில்லை என்றால் ஏன் சொல்ல வேண்டும்? எனக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் அந்த ஆளின் கண்ணைப் பார்த்தால் அவர் தேடி வந்தது காசையில்லை என்று தெரிந்தது. அப்பாவுக்கு மிஞ்சியிருந்த ஒரே நினைவை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் நான் இருந்தாலும் கத்தியிருப்பேன்.

அந்தப் பெண்ணின் நிலையும் எனக்கு நன்றாகத் தெரியும். முதியோர் பராமரிப்பில் களவு என்ற சொல் ஒரு தடவை ஒட்டிக்கொண்டால் லண்டனில் எந்த வீட்டுக் கதவும் அதற்குப் பிறகு திறக்காது. டூட்டிங்கிலிருந்து மோர்டன் வரைக்கும் எங்கள் பெண்களில் எத்தனையோ பேர் அந்த வேலையில்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். நான் எழுதப்போகும் ஒரு பக்கம் யாரென்றே தெரியாத ஒருத்தியின் பிழைப்பை முடித்துவிடக் கூடியதாக இருந்தது.

அவர் போன பிறகு வேலையைத் தொடங்கினோம். உடலில் இருந்த எண்ணும் சர்டிபிகேட்டில் இருந்த எண்ணும் ஒன்றுதான். அதனால் ஒன்றும் தீர்ந்துவிடவில்லை. இந்தத் தொழிலில் அதிகம் நடக்கும் மோசடியே உடலை விட்டுவிட்டு உறுப்புகளை மாற்றுவதுதான். எண் பொருந்திய கறுப்பு உறுப்புகளைக் கழற்றி விற்றுவிட்டு, எங்கிருந்தோ கிடைத்த உறுப்புகளில் அதே இலக்கங்களை அடித்துப் பூட்டி, வித்தியாசம் தெரியாமல் இருக்க எல்லாவற்றையும் ஒன்றாக மினுக்கிவிடுவார்கள். என் மேலாளர் பூதக்கண்ணாடியை வைத்து இலக்கங்களைப் பார்த்தார். எல்லாம் பொருந்தின. ஆனால் ஓரங்கள் மழுங்கியிருந்தன.

“பிறகு அடித்ததாக இருக்கலாம்,” என்றார். “தேய்த்ததால் மழுங்கியதாகவும் இருக்கலாம். கறுப்புப் போய்விட்டால் நான் குருடன்.”

கறுப்பு எங்கேயாவது மிஞ்சியிருக்குமா என்று தேடினேன். மினுக்குகிறவர்கள் கைக்கு எட்டுவதைத்தான் மினுக்குவார்கள். பிடியின் இரண்டு பக்கமும் இருக்கும் மரத் தகடுகளைக் கழற்ற அவர்களுக்குத் தோன்றாது. திருகாணித் தலையின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியை எடுத்து மெல்லத் திருப்பினேன். தகடு கையோடு வந்தது. அடியில் அந்தக் கருநீலம் அப்படியே இருந்தது, மரத்தின் வடிவத்திலேயே. அதன் ஓரம் மட்டும் நேர்கோடாக இல்லாமல் அலை அலையாக வெளுத்திருந்தது. ஏதோ ஒரு திரவம் மரத்துக்கு அடியில் கசிந்து போய்த் தின்றிருக்கிறது.

மேற்பாகங்களையும் பார்த்தேன். பக்கத் தகட்டின் பின்னால், தாழ்ப்பாளின் அடியில், மடியும் மூட்டுகளின் இடுக்குகளில், எல்லா இடத்திலும் அதே பழைய கருநீலம், அதே அலைக்கரை. இரண்டு பிஸ்டல்களின் கறுப்பு ஒருபோதும் ஒரே மாதிரி வயதாவதில்லை. ஒரு உறுப்பில் தொடங்கிய கரை அடுத்த உறுப்பில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. எல்லா உறுப்புகளும் ஒன்றாக இருந்தபோதே, இடையில் யாரும் கழற்றாமலே, ஏதோ ஒரு புளிப்பான தண்ணீருக்குள் முழுதாகப் போய் வந்திருக்கின்றன.

மரத் தகட்டை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். பழைய மரம், எண்ணெய், அதற்கு மேலே இன்னொரு மணம். திருகாணித் தலையின் பள்ளத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடந்தது, நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி. இடுக்கில் ஒரு பழுப்பு நார்.

“என்ன பாலிஷ் அது?” என்று மேலாளர் கேட்டார்.

அது பாலிஷ் இல்லை. அந்த நார் பழப்புளி. மஞ்சள் சந்தனம். சிவப்புக் குங்குமம். காலண்டரைப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. சரஸ்வதி பூசை போன மாதம்தான் முடிந்திருந்தது. எங்கள் வீட்டில் தையல் மெஷின், லாப்டாப், என் கணவருடைய கார் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு நின்றன. பித்தளைக் குத்துவிளக்கை மினுக்குகிற மாதிரி யாரோ ஒருத்தி உருக்குப் பிஸ்டலைப் புளி போட்டு மினுக்கியிருக்கிறாள். பித்தளையில் புளி அழுக்கைத்தான் எடுக்கும். உருக்கில் அது கருநீலத்தையே தின்றுவிடும்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் கதிரையில் உட்கார்ந்து சிரித்தேன். விளக்கிச் சொன்னபோது மேலாளரின் வாய் திறந்தபடியே நின்றது. சிரிப்பு அடங்கியதும் ரிப்போர்ட் எழுதும் தாளை எடுத்து வைத்தேன். அவள் களவெடுக்கவில்லை என்பதற்கு என் கையில் இருந்த ஒரே சாட்சி, அந்தக் கறுப்பை அழித்தவள் அவள்தான் என்பது. ஒன்றை எழுதினால் மற்றதையும் எழுத வேண்டும்.

“அமிலத்தால் பூச்சு அகற்றப்பட்டுள்ளது, காரணம் தெரியாது. அப்படி எழுதலாம்,” என்றார் மேலாளர். அவர் இரக்கப்பட்டு நான் பார்த்தது குறைவு. அதனால் கொஞ்ச நேரம் யோசித்தேன். ஆனால் காரணம் தெரியாது என்றால் சந்தேகம் அப்படியே நிற்கும். அதற்கு மேல், அசல் என்று நான் மட்டும் கையெழுத்துப் போட்டால், தன் ஊர்க்காரியைக் காப்பாற்றினாள் என்றுதான் அந்த மகன் நினைப்பார். “நீங்களும் ஒரு தடவை முழுக்கப் பாருங்கள். சரியென்றால் நீங்களும் கையெழுத்துப் போடுங்கள்,” என்றேன். அவர் விளக்கைக் கிட்ட இழுத்து ஒவ்வொரு இடுக்காகப் பார்த்தார். தேத்தண்ணீர் ஆறிப்போனது. கடைசியில் பேனாவை எடுத்தார்.

மகனுக்குப் போன் செய்தேன். ரிப்போர்ட்டைக் கையில் தருவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றேன். சனிக்கிழமை அப்பாவின் வீட்டுக்கு வரச் சொன்னார். அந்தப் பெண்ணையும் கூப்பிடுவதாகச் சொன்னார். நான் ஏறும் டூட்டிங் பிராட்வேயிலிருந்து கோலியர்ஸ் வுட் அடுத்த ஸ்டேஷன்தான். அந்தச் சின்னத் தூரத்துக்குள் ஆயிரம் தடவை வாக்கியங்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன்.

முன்னறையில் முதியவர் ஜன்னலோரம் கதிரையில் இருந்தார், மடியில் கம்பளி. பராமரிப்புக்கு வரும் அந்த அக்கா எனக்கு முன்பே வந்திருந்தார். அறுபது வயது இருக்கும். கோட்டைக் கழற்றாமல், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றார். வேலைக்கு வந்த வீட்டில் விருந்தாளியாக உட்கார அவருக்குத் தெரியவில்லை. நான் தமிழில் பேசியதும் முகம் ஒரு கணம் தளர்ந்தது, பிறகு இன்னும் இறுகியது. எங்கள் ஆளுக்கு முன்னால் கள்ளி என்று நிற்பது அவருக்கு இன்னும் கேவலமாகப் பட்டிருக்க வேண்டும்.

“அக்கா, இதை நீங்கள் கழுவினனீங்களோ?” என்று பெட்டியைத் திறந்து பிஸ்டலைக் காட்டிக் கேட்டேன்.

“ஓம்,” என்றார் உடனேயே. “பூசைக்குக் கழுவினனான். பூசையண்டைக்கு எனக்கு இஞ்ச ஷிப்ட். லீவு கேட்டனான், தரேல்லை. வீட்டில ஒண்டும் செய்யேலாமல் போச்சு. இது ஐயான்ர தேப்பன்ர ஆயுதமெல்லோ, ஆயுதத்தைச் சும்மா விடேலுமோ? கையோட கொஞ்சப் பழப்புளி கொண்டுவந்தனான். ஊறவைச்சுத் தேய்ச்சன், பிள்ளை. முனையில நல்ல வெள்ளையாத்தான் இருந்தது. மிச்சம்தான் கறள் பிடிச்சுப்போய்க் கிடந்தது. எல்லாத்தையும் முனை மாதிரியே ஆக்கினனான். ஐயாதான் தண்ணிக் கோப்பையைப் பிடிச்சவர். பொட்டு வைக்கச் சிரிச்சவர்.”

உறையில் உரசி உரசி நேர்மையாக வெளுத்திருந்த அந்த முனை. அதைத்தான் சுத்தமான இடம் என்றும், கறுப்பைத் துரு என்றும் அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

“இதை ஏன் அக்கா அவையளுக்குச் சொல்லேல்லை?”

“என்னட்டை ஆர் கேட்டது? மாத்தினனியோ எண்டு கேட்டவை. மாத்தேல்லை எண்டன். எடுத்தனியோ எண்டு கேட்டவை. எடுக்கேல்லை எண்டன். கழுவினனியோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. கழுவுறதும் துடைக்கிறதும்தானே என்ர வேலை, அதில என்ன சொல்லுறது?”

மகன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பூசை என்றால் என்ன, புளி என்றால் என்ன, அது உருக்கில் என்ன செய்யும். மரத் தகட்டைக் கழற்றி அடியில் இருந்த கருநீலத்தைக் காட்டினேன். எல்லா உறுப்பும் அசல், ஒன்றுகூட மாறவில்லை என்றேன். விலையையும் சொல்லத்தான் வேண்டியிருந்தது. முன்பு ஒரு பழைய காரே வாங்கியிருக்கலாம், இப்போது அதற்கு டயர் மட்டும்தான் வாங்கலாம். அவர் விலையைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. கருநீலத்தை விரலால் தடவினார். பிறகு அங்கேயே போனை எடுத்து ஏஜென்சியின் அவசர எண்ணுக்கு அடித்து, தவறு தன்னுடையது, அவரைத் திங்கட்கிழமை முதல் அனுப்புங்கள் என்றார். போனை வைத்துவிட்டு அக்காவின் பக்கம் திரும்பி, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார்.

வந்த வேலை முடிந்தது, அடுத்த ரயிலில் ஏறிவிடலாம் என்று நினைத்தேன். அக்கா கைப்பையைக் கீழே வைத்தார். கோட்டின் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார். பிறகு கை நின்றது.

“அப்ப ஏன், பிள்ளை, ஐயா தன்ர இல்லை எண்டு சொன்னவர்?”

சொல்லாமல் விட்டிருக்கலாம். முதியவருக்கு மறதி, அவ்வளவுதான் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். ஆனால் அக்காவிடம் யாருமே சரியான கேள்வியைக் கேட்கவில்லை. அவர் மட்டும்தான் சரியான கேள்வியைக் கேட்டார். அப்படிப்பட்டவருக்குப் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“அது கறள் இல்லை, அக்கா. அந்தக் கறுப்புத்தான் அதின்ர நிறம். தேப்பன் கொண்டுவந்த நாளிலயிருந்து ஐயா அந்தக் கறுப்பைப் பாத்துத்தான் அதை அடையாளம் வைச்சிருந்தவர். அது போனோடன அவருக்கு அது ஆரோ ஒராளின்ர சாமான்.”

“திரும்பக் கறுப்பாக்கேலாதோ?”

“பூசலாம். அது வேற கறுப்பு.”

அவர் கோட்டைப் பாதி கழற்றியபடியே வந்து பெட்டியிலிருந்த பிஸ்டலை எடுத்தார். முதியவரின் கதிரைக்குப் பக்கத்தில் முழங்காலில் உட்கார்ந்து, அவருடைய கையை விரித்து, அதில் வைத்து, விரல்களைத் தானே மூடிவிட்டார். முதியவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மரியாதையாகச் சிரித்தார். “மிக அழகாக இருக்கிறது,” என்றார் ஆங்கிலத்தில். “யாருடையது இது?”

அந்த அளவு ஆங்கிலம் அக்காவுக்குத் தெரியும். எழும்பாமல், என்னைப் பார்க்காமல், அந்தக் கையைப் பிடித்தபடியே சொன்னார்:

“களவெடுத்திருந்தா இண்டைக்குத் திருப்பிக் குடுத்திருப்பன், பிள்ளை.”